நன்றிக்குத் தலைக்கட்டு வரி

செப்டம்பர் மாதம் நெருங்கும்போதெல்லாம் நம் பங்குக் குடும்பங்களில் ஒரு சிறு கலக்கம் உண்டாவதைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பள்ளியிலிருந்து வந்த பிள்ளை புத்தகப் பையைக் கழற்றுமுன்பே, "அம்மா, டீச்சர்ஸ் டேக்குத் தலைக்கு இருநூறு ரூபாய், நாளைக்குள் கொடுக்கணுமாம்" என்கிறது. இருநூறு ரூபாய் சிலருக்கு ஒரு பொருட்டல்ல. ஒரு மாலைப் பொழுது கடற்கரைக்குப் போய்வந்தால் செலவாகிற பணம். ஆனால் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வீட்டில் அது அறுநூறு ஆகிறது. கட்டட வேலைக்குப் போகிற தகப்பனுக்கு, மழையினால் வேலை நின்றுபோன வாரமாயிருந்தால், அறுநூறு ரூபாய் என்பது அரிசி.

இதைக் குறித்து எழுத எனக்கு இரண்டு விதத்தில் உரிமையுண்டு. முப்பது ஆண்டுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்று, சால்வையும் பேனாவும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக் கொண்டவன் நான். ஓய்வு பெற்ற பின், பேத்தியின் வகுப்புப் பெற்றோர் குழுவில் சேர்ந்து, வசூல் நோட்டைக் கையில் பிடித்தவனும் நானே. வாங்கிய கையைவிட வசூலித்த கைதான் இன்று எனக்கு அதிக வெட்கத்தைத் தருகிறது.

நடந்தது இதுதான். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். தலைக்கு இருநூறு வீதம் எட்டாயிரம் என்று கணக்குப் போட்டோம். நோட்டில் வரிசையாகப் பெயரெழுதி, கொடுத்தவர்களுக்கு நேரே சிவப்பு மையால் கோடு போட்டேன். நான்காம் நாள் ஒன்பது பெயர் மீதியிருந்தது. வேலையைச் சுருக்கமாக முடிக்க வேண்டி, அந்த ஒன்பது பெயரையும் வகுப்பிலே வாசித்து விடும்படி பிள்ளைகளின் தலைவியிடம் சீட்டெழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஏழு பேர் கொண்டுவந்தார்கள். எட்டாவது ஆள் அடுத்த நாள் கொடுத்தார். விழாவன்று பிள்ளைகள் வரிசையாக வந்து ஆசிரியைக்கு ஆளுக்கொரு பூக் கொடுத்தபோது, ஒரு பெண் குழந்தை மட்டும் இல்லை. வயிற்றுவலி என்றார்கள். அந்த ஆசிரியை, தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தது போல் நாங்கள் நீட்டிய பட்டுப்புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தையின் காலியிடத்தையே பார்த்தார்கள். எந்தப் பிள்ளைக்காக அவர்கள் மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்களோ, அந்தப் பிள்ளையே வரவில்லை. வயிற்றுவலி இல்லையென்பது எனக்குப் பிறகு தெரிந்தது. வரிசையில் நிற்க உரிமையில்லை என்று அந்தத் தாய் எண்ணிக்கொண்டாள். அப்படி எண்ணவைத்தவன் நான்.

நம் ஊர்ப் பக்கத்துக் கிராமங்களில் கோவில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு இவ்வளவென்று ஊர்க் கூட்டத்தில் தீர்மானித்து வாங்குவார்கள். திருவிழா எல்லாருக்கும் பொதுவானபடியால் அதில் நியாயமுண்டு. நன்றியும் அப்படி வரி போட்டு வாங்கக் கூடிய சரக்குதானா?

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக் கொள்ளவேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவருக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோமா? கட்டணம் கட்டியாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்வி புதியதன்று. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் உரோமாபுரியிலிருந்த செனேக்கா என்னும் தத்துவ ஞானி, உபகாரங்களைப் பற்றி எழுதிய நூலில் வைத்தியரையும் உபாத்தியாயரையும் எடுத்துக்கொண்டு இதையே ஆராய்கிறார். நாம் அவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் பட்ட பிரயாசைக்கும் செலவிட்ட நேரத்துக்குமான கூலியே தவிர, அவர்கள் நமக்குத் தந்த பொருளின் விலையல்ல என்பது அவர் தரும் விடையின் கருத்து. ஆரோக்கியத்துக்கும் அறிவுக்கும் சந்தையில் விலை ஏது? அதோடு, எல்லாரையும் போல் பாடம் சொல்லிவிட்டுப் போகாமல், தன்னைத் தனியே கவனித்து, சலிக்காமல் திருத்திய ஆசிரியருக்குக் கூலி கொடுத்த பின்பும் கடன் நிற்கிறதென்கிறார். அந்தக் கடன் மனத்துக்கு மனம் பட்ட கடன். அரிஸ்டாட்டிலும், ஞானத்தைப் போதித்தவருக்குச் சரியீடு செய்ய எந்தப் பணமும் போதாது, ஆகையால் தன்னால் இயன்றதைச் செய்தால் போதுமென்று தம் ஒழுக்க நூலில் எழுதி வைத்தார்.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இவ்விருவரையும் படித்தவர். நன்றியறிதல் என்னும் புண்ணியத்துக்கு அவர் மூன்று படி சொல்கிறார். பெற்ற உபகாரத்தை உபகாரமென்று உணர்வது முதற்படி. அதை வாயால் சொல்லிப் புகழ்வது இரண்டாம் படி. தக்க இடத்திலும் காலத்திலும் தன் சக்திக்கேற்பக் கைம்மாறு செய்வது மூன்றாம் படி. நம் பெற்றோர் குழுக்கள் செய்வதென்ன? முதலிரண்டு படியையும் தாண்டி, ஒரே தாவலில் மூன்றாம் படியில் போய் ஏறுகின்றன. அதிலும் "தன் சக்திக்கேற்ப" என்பதை அழித்துவிட்டு "தலைக்கு இருநூறு" என்று எழுதுகின்றன. அன்று அந்த நாற்பது பிள்ளைகளில் ஒருவராவது, டீச்சர் தனக்கு இன்னது செய்தாரென்று நினைத்துப் பார்த்ததோ, வாயால் சொன்னதோ கிடையாது. பணம் பேசிவிட்டபடியால் பிள்ளைகள் பேச இடமில்லாமல் போயிற்று.

கொடுக்கிறவன் தன் மனத்தில் தீர்மானித்தபடி, வருத்தமும் கட்டாயமுமின்றிக் கொடுக்கட்டுமென்று அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியது எதற்காக? ஜெருசலேமிலிருந்த ஏழைகளுக்காக அவர் நடத்திய வசூலைப் பற்றித்தான். பட்டினி கிடக்கிறவர்களுக்கு உதவவே கட்டாயமில்லையென்றால், பட்டுப்புடவை வாங்கவா கட்டாயம்? இரண்டு செப்புக் காசு போட்ட விதவையின் கதையும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவள் எவ்வளவு போட்டாளென்று சுவிசேஷத்தில் இருக்கிறது. அவள் பெயர் இல்லை. என் நோட்டில் பெயர் முதலாவதாகவும் தொகை அதற்கு நேராகவும் இருந்தது.

"தலைக்கு இவ்வளவு என்று வைத்தால்தான் ஏழை பணக்காரன் வித்தியாசம் தெரியாது, அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் ஒருவர் தங்கச் சங்கிலி கொண்டுவருவார், ஒருவர் வெறுங்கையோடு நிற்பார்" என்று குழுவிலிருந்த ஒரு தாயார் என்னிடம் வாதாடினார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தனித்தனிப் பரிசு அதைவிடக் கெட்டது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வேலையிலிருந்த நாளில் விலையுயர்ந்த பேனா ஒன்று கொடுத்த பையனின் விடைத்தாளைத் திருத்த எடுத்தபோது, என் கை ஒரு கணம் தயங்கியதை நான் மறக்கவில்லை. கூட்டிப் போடவில்லை, ஆனால் கூட்டிப் போடாமலிருக்க வேண்டுமென்று நினைக்க வேண்டியிருந்தது. அதுவே போதாதா? அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 1964-ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள் பரிசு வாங்குவதற்கு எல்லை கட்டியிருக்கின்றன. துரோணர் கேட்டு வாங்கிய தட்சிணை ஏகலைவனின் கட்டைவிரல். கொடுத்தவன் பெருமையைப் பாடுகிறோமே தவிர, கேட்டவரைப் பற்றி நம் கிராமத்துக் கூத்துப் பார்க்கிற பாட்டிமார் என்ன முணுமுணுப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

ஆனால் வாங்காமலிருப்பதும் எப்போதும் புண்ணியமாகி விடாது. இதையும் என் குற்றமாகவே சொல்கிறேன். ஒரு வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிவு வந்த மறுநாள் காலை, நகருக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து என் மாணவன் ஒருவனின் தகப்பனார் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் வாழையிலையில் சுற்றிய மீன். நான் கதவைப் பாதி திறந்தபடியே, "இதெல்லாம் வேண்டாம், நான் வாங்குகிறதில்லை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்று, "காசு குடுத்து வாங்கினது இல்ல வாத்தியாரே, நானே புடிச்சது" என்றார். நான் மறுபடியும் வேண்டாமென்றேன். அவர் திரும்பிப் போனார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அவர் பிள்ளை பாஸாகி வெளியே போயாச்சு. இனி உங்களால் அவருக்கு என்ன ஆகவேண்டியிருக்கு, லஞ்சம் கொடுக்க?" என்று கேட்டாள். எனக்குப் பதிலில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு குப்பத்துக்குப் போய் அவர் வீட்டைத் தேடி, அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு வந்தேன். அவர் சந்தோஷமாகத்தான் பரிமாறினார். ஆயினும் அன்று வாசலில் அவர் முகம் சுருங்கியதை அந்தச் சாப்பாடு அழித்துவிட்டதென்று என்னால் சொல்ல முடியாது.

காலம் என்பது இதில் எவ்வளவு முக்கியம் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். அர்ச். தோமாசும், மனத்தின் நன்றி உடனே எழவேண்டும், கைம்மாறு மட்டும் தக்க காலத்துக்குக் காத்திருக்கலாமென்கிறார். கடனைத் தீர்க்க அவசரப்படுகிறவன் கடனாளியாயிருக்கப் பிரியமில்லாதவன் என்ற செனேக்காவின் கருத்தையும் எடுத்துக் காட்டுகிறார். அரையாண்டுப் பரீட்சைக்கு முன் வருகிற மீனும், பிள்ளை பள்ளியை விட்டுப்போன பின் வருகிற மீனும் ஒரே மீன் அல்ல.

நிற்க. இந்தச் செப்டம்பர் 5 எப்படி வந்தது? திருத்தணியில் 1888-ல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1962-ல் ஜனாதிபதியானார். தம் பிறந்த நாளைக் கொண்டாட வந்தவர்களிடம், அதை ஆசிரியர்கள் தினமாக வைத்துக் கொள்ளுங்களென்று அவர் சொன்னதாக வரலாறு. அந்த ஆண்டு ஆகஸ்டு 16-ல்தான் நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. ஆகவே நாட்டின் முதல் ஆசிரியர் தினம் வந்தபோது நாம் சட்டப்படி இந்தியராகி இருபது நாள்தான். உலக ஆசிரியர் தினமென்று 1994 முதல் கொண்டாடப்படும் அக்டோபர் 5-ஐ நம் பக்கத்தில் யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இராதாகிருஷ்ணனைப் பற்றிப் பலருக்கும் தெரிந்த இன்னொரு செய்தி: 1921-ல் மைசூர் மகாராஜா கல்லூரியை விட்டு அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் பூவால் அலங்கரித்த வண்டியில் அவரை உட்காரவைத்து, குதிரைக்குப் பதிலாகத் தாங்களே இழுத்து ரயில் நிலையம் வரை கொண்டுபோனார்கள். அதற்கு ஆன செலவு பூவுக்கு மட்டுந்தான். தலைக்கு எவ்வளவென்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்கும் முந்திய காலத்தில், திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளமென்று தனியே பெரிதாகக் கிடையாது. நெல்லும் காய்கறியும் வரும். நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலாட்டக் கோலோடு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். வீட்டுக்காரர் கொடுப்பது வாத்தியாரைச் சேரும். பிள்ளையில்லாத வீடும் கொடுத்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், பாடியது பிள்ளைகள், கொடுத்தது ஊர் என்பதே. பிள்ளையின் பங்கு பாட்டு. பணம் யாருடையதென்று பாட்டில் தெரியாது. நாமோ பிள்ளையின் வாயை மூடிவிட்டு, அதன் கையிலே பணத்தைக் கொடுத்தனுப்புகிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாம் பரிசு கொடுக்கும்போது வகுப்பு ஆசிரியையோடும் தலைமையாசிரியரோடும் நிறுத்திவிடுகிறோம். சின்ன வகுப்புப் பிள்ளைக்கு வாந்தியெடுத்த சட்டையை மாற்றிவிடுகிற ஆயாம்மா, கழிவறை கழுவுகிறவர், வெயிலில் வாசற்கதவடியில் நின்று பிள்ளைகளைத் தெருவைக் கடத்தி விடுகிற வாட்ச்மேன், ஆபீஸில் கட்டண ரசீது எழுதுகிறவர், மதிய உணவு பரிமாறுகிறவர், இவர்களெல்லாம் எங்கே போனார்கள்? பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுப்பதைப் பிரெஞ்சு நிர்வாகத்தார் நம் புதுச்சேரியில் 1930-லேயே தொடங்கினார்கள். இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ கைகள் அந்தச் சோற்றை வடித்திருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் சால்வை போர்த்தியதை நான் பார்த்ததில்லை. 1844-ல் இந்நகரில் பெத்தி செமினேர் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டில் துபுய் சுவாமியார், பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்கென்று மரியன்னையின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையை நிறுவினார். ஸ்தாபித்தவர்களின் படங்களுக்கு மாலையிடுகிறோம், இடவேண்டியதே. அந்தப் பள்ளிகளின் கிணற்றில் நீர் இறைத்தவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிறிய தனியார் பள்ளிகளில் ஆசிரியைகள் வாங்கும் சம்பளம் எவ்வளவு குறைவென்பது அவர்கள் வீட்டாருக்குத் தெரியும். சால்வை அந்தக் குறைக்குப் பரிகாரமாகாது. உழைப்பவனுக்குரிய கூலியைப் பிடித்துக்கொள்வது பெரும் பாவமென்று பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் எழுதிய ரேரும் நோவாரும் நிருபத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நியாயமான கூலி நீதியைச் சேர்ந்தது. நன்றி அதற்கு மேல் வருவது. கீழ்ப்படியில்லாத வீட்டுக்கு மேல்மாடி கட்டுகிறவர்கள் நம்முள் இல்லாமலிருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் பரிசுப் பேச்சு வரும்போது, சம்பளப் பேச்சையும் யாராவது மரியாதையாக எடுத்தால் நல்லது. நான் எடுத்துப் பார்த்தேன். கூட்டம் சீக்கிரம் கலைந்தது.

அப்படியானால் இவ்வாண்டு என்ன செய்யலாம்? நன்றி ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் வரவேண்டும். பணம் யாரிடமிருந்து வந்ததென்று தெரியக்கூடாது. இவ்விரண்டையும் ஒரே நோட்டில் எழுதினதுதான் நான் செய்த பிழை. ஆகையால் முதலில் பிள்ளைகளை உட்காரவைத்து, பள்ளியில் தனக்கு உதவியவர் ஒருவரை நினைத்து, அவர் செய்த ஒரு காரியத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். "டீச்சர் ரொம்ப நல்லவங்க" என்பது போதாது. "கை உடைந்தபோது ஆயாம்மா எனக்கு ஊட்டிவிட்டாங்க" என்பது போல இருக்கவேண்டும். எழுத்துக் கோணலாயிருக்கட்டும், தாய்மார் திருத்த வேண்டாம். யாருக்கும் ஒரு சீட்டும் வராமல் போய்விடுமோ என்று குழுவினர் மட்டும் முன்கூட்டியே பார்த்து, ஞாபகப்படுத்த வேண்டியவர்களை ஞாபகப்படுத்தலாம்.

பணத்துக்கு ஒரு மூடிய பெட்டி. நம் பள்ளிகளில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறபடியால், கோவில் முகப்பில் அல்ல, பள்ளி வாசலிலேயே வைக்கலாம். மூன்று நாள் இருக்கட்டும். பெரியவர்கள் போடட்டும், பிள்ளை கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். பிறகு எண்ணிப் பார்த்து, பள்ளியில் வேலை செய்கிற எல்லாரையும் எண்ணி, சமமாகப் பிரிக்கவேண்டும். பெட்டியில் 4,300 ரூபாய் விழுந்து, பள்ளியில் 32 பேர் இருந்தால் ஆளுக்கு 134 ரூபாய் வரும். அதற்கு ஒரு நல்ல பருத்தித் துண்டு வாங்கலாம். பிரிக்காமல் வைத்து, அரிசியும் பருப்பும் தயிரும் வாங்கி, தாய்மார் தத்தம் வீட்டில் எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், சுண்டல், கேசரி செய்து கொண்டுவந்தால் அதைவிட மேல். அன்று மதியம் பிள்ளைகளைப் பெற்றோரே பார்த்துக்கொள்ள, 32 பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, இடையில் எழுந்திருக்காமல், கடைசி வரை சாப்பிடட்டும். சூடாக, முழுதாக ஒரு மதியச் சாப்பாடு என்பது ஆசிரியருக்கு எவ்வளவு அபூர்வமென்பதை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பணமே போட முடியாதவர்களுக்குக் கையுண்டு. நம் பங்கில் தச்சர், மின்சார வேலைக்காரர், பெயிண்டர் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை நாலு பேர் போய், ஆசிரியர் அறையில் ஆடுகிற நாற்காலிக்குக் காலும், கத்துகிற மின்விசிறிக்கு எண்ணெயும் போட்டால், அது பட்டுப்புடவைக்குக் குறைந்ததா? அப்படிச் செய்கிற தகப்பனின் பிள்ளை வயிற்றுவலியென்று வீட்டில் படுத்திருக்காது.

"மூடிய பெட்டியென்றால் வசதியுள்ளவன் பத்து ரூபாய் போட்டுத் தப்பித்துக் கொள்வானே" என்று ஒருவர் கேட்டார். தப்பித்துக் கொள்ளட்டும். அவனைப் பிடிக்க விரித்த வலையில் அந்தக் குழந்தையல்லவா விழுந்தது.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பிள்ளைகளை ஏற்றிவருகிற வேன் டிரைவர்கள் பள்ளிச் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். பெற்றோரே மாதாமாதம் பணம் கொடுக்கிறோம். அவர்களைப் பந்தியில் சேர்ப்பதா வேண்டாமா என்று குழுவில் இரண்டு கட்சி. நான் சேர்க்கவேண்டுமென்கிற கட்சி. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு கோவில் வேப்பமரத்தடியில் பேசுகிறோம். பிள்ளைகளை வேனில் அனுப்புகிற வீட்டார் தயவுசெய்து வரவேண்டும்.